ரன் மட்டும் அடித்துவிடாதீர்கள்

போன இதழில் பழைய கம்ப்யூட்டர்களை இன்றைய கம்ப்யூட்டரில் போலச் செய்து காட்டும் எமுலேட்டர் மென்பொருள்களைப் பற்றி எழுதும்போது, "ஸ்னாப்ஷாட்டை மட்டும் நம்பிக்கொண்டு இருக்காதீர்கள், புரோகிராமைத் தனியாக எடுத்து வையுங்கள்" என்று ஓரத்தில் இரண்டு வரி போட்டிருந்தேன். (ஸ்னாப்ஷாட் என்றால் கம்ப்யூட்டரின் நினைவகத்தை அந்த நிமிடத்தில் இருந்தபடியே சேமித்த கோப்பு.) கட்டுரையை விட்டுவிட்டு எல்லாரும் அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். "எப்படி எடுப்பது என்று சொல்லாமல் போனால் எப்படி?" என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. நியாயம்தான். இந்த மாதம் முழுக்க இதே பேச்சு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் ஹெக்ஸ் எண்களில்தான் (பதினாறின் அடிப்படையில் எழுதும் எண்கள்) பேசுவார்கள். நான் பீக், போக் (நினைவகத்தைப் படிக்கவும் மாற்றவும் உள்ள பேசிக் மொழிக் கட்டளைகள்) போட்டுப் பழகிய ஆள்; சாதாரண தசம எண்களிலேயே சொல்கிறேன். கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் தசமமாகக் காட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கோப்பின் முதல் பைட்டை 0 என்று எண்ண வேண்டும், 1 என்று அல்ல. இதில் தவறினால் கீழே உள்ள கணக்கு எல்லாம் ஒன்று தள்ளிப்போகும்.

கேள்வி: என் அப்பா இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே கம்ப்யூட்டரில் தன் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் புரோகிராம் எழுதி வைத்திருந்தார். கேசட்டுகள் போய்விட்டன. நண்பர் ஒருவர் எமுலேட்டரில் ஏற்றிச் சேமித்துக் கொடுத்த எஸ்.என்.ஏ. கோப்பு ஒன்றுதான் மிச்சம். அளவு 49,179 பைட். நோட்பேடில் திறந்தால் குப்பையாகத் தெரிகிறது, நடுநடுவே சில புத்தகப் பெயர்கள். புரோகிராமையும் பட்டியலையும் மீட்க முடியுமா?

பதில்: முடியும். நீங்கள் அளவைச் சொன்னதிலேயே பாதி விடை வந்துவிட்டது. ஸ்பெக்ட்ரம் 48கே-யின் ராம் 49,152 பைட். அதோடு 27 சேர்த்தால் உங்கள் 49,179. அதாவது உங்களிடம் இருப்பது புரோகிராம் கோப்பே அல்ல. அந்த நிமிடத்தில் கம்ப்யூட்டரின் மூளைக்குள் என்ன இருந்ததோ, அது அப்படியே. முன்னால் உள்ள 27 பைட்டில் இசட்80 சிப்பின் ரிஜிஸ்டர்களும் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவிடங்கள்) திரையின் ஓர நிறமும். அப்புறம் 16384 முதல் 65535 வரையுள்ள நினைவகம் வரிசை மாறாமல். சுருக்குவதும் கிடையாது, ஒளிப்பதும் கிடையாது. கிடைப்பதிலேயே எளிய வகை உங்களுக்கு வாய்த்திருக்கிறது.

முதலில் கோப்பை இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். அப்புறம் எமுலேட்டரில் திறந்தால் கை தானாக ரன் கட்டளைக்குப் போகும். போக விடாதீர்கள். ஸ்பெக்ட்ரம் பேசிக்கில் ரன் என்பது "தொடங்கு" என்று மட்டும் பொருள்படாது. "எல்லா மாறிகளையும் அழித்துவிட்டுத் தொடங்கு" என்று பொருள். உங்கள் அப்பாவின் புத்தகப் பெயர்கள் இருப்பது அந்த மாறிகளில்தான். நான் இதை அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். சதுரங்க ஆட்ட முடிவுகளை வருடக்கணக்காகக் குறித்து வைத்திருந்த என் புரோகிராம் ஒன்று ஸ்னாப்ஷாட்டாக இருந்தது. திறந்தேன், ரன் அடித்தேன், பட்டியல் வெறுமையாக வந்தது. சரி, போகட்டும் என்று மூடியிருந்தால் கோப்பு பிழைத்திருக்கும். பழக்க தோஷத்தில் மூடும் முன் அதே பெயரில் சேமித்தும் தொலைத்தேன். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லாத விபத்து.

ஆக, புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தால் பிரேக் போட்டு நிறுத்துங்கள். கேப்ஸ் ஷிஃப்டும் ஸ்பேஸும் சேர்ந்ததுதான் பிரேக். பட்டியல் புரோகிராம் என்றால் பெரும்பாலும் ஏதாவது கேள்வி கேட்டுக்கொண்டு இன்புட்டில் நிற்கும். அங்கே பிரேக் எடுபடாது. சிம்பல் ஷிஃப்டோடு ஏ தட்டினால் ஸ்டாப் என்ற சொல் விழும். அதைக் கொடுத்து என்டர் போடுங்கள். கர்சரைச் சுற்றி மேற்கோள் குறிகள் தெரிந்தால், முதலில் அவற்றை அழித்துவிட்டு ஸ்டாப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டாப் என்பதையே ஒரு புத்தகத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும்.

நின்றதும் சேவ் கட்டளை கொடுத்து, மேற்கோள் குறிக்குள் ஒரு பெயர் வைத்து என்டர் போடுங்கள். டேப்பைத் தொடங்கச் சொல்லும், ஏதாவது ஒரு விசையைத் தட்டுங்கள். எமுலேட்டர் இதைத் தன் கற்பனைக் கேசட்டில் பதிந்துகொள்ளும். அதை மெனுவில் போய் டி.ஏ.பி. என்ற கேசட் கோப்பாக எழுதி வையுங்கள். ஸ்பெக்ட்ரத்தின் சேவ் கட்டளைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: புரோகிராமோடு மாறிகளையும் சேர்த்தே எழுதும். நினைவகப் படம் ஒன்று புரோகிராம் கோப்பாக மாற இவ்வளவுதான் தேவை. பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். தன் புரோகிராம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அந்த இயந்திரத்துக்கே நன்றாகத் தெரியும்.

பட்டியல் மட்டும் எழுத்தாக வேண்டும் என்றால் இன்னொரு வழி. லிஸ்ட் போட்டுப் பாருங்கள். டிம் என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கும், அதில் பட்டியல் அணியின் பெயர் தெரியும். பி டாலர் (100, 20) என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 100 தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 20 எழுத்து. எமுலேட்டரில் பிரின்டரை இயக்கிவிட்டு, வரி எண் இல்லாமல் நேரடியாக, ஃபார் ஐ = 1 டூ 100 : எல்பிரின்ட் பி டாலர் (ஐ) : நெக்ஸ்ட் ஐ என்று ஒரே மூச்சில் கொடுங்கள். ஃப்யூஸ் போன்ற எமுலேட்டர்கள் அச்சாகும் எழுத்தை டெக்ஸ்ட் கோப்பாகவே கொடுத்துவிடும். புரோகிராமையே ஓட்டிப் பார்க்க ஆசையாக இருந்தால் ரன் வேண்டாம், கோ டூ போடுங்கள். அதிலும் டிம் வரியைத் தாண்டிய வரி எண்ணாகப் பார்த்துப் போடுங்கள். டிம்மும் அணியைத் துடைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும்.

கேள்வி: எமுலேட்டர் இல்லாமல், கோப்பைப் பார்த்தே பேசிக் புரோகிராமை அடையாளம் காண முடியாதா? எனக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

பதில்: இப்படிக் கேட்டால்தான் எனக்குப் பிடிக்கும். கண்ணால் தேடாதீர்கள், கம்ப்யூட்டரையே கேளுங்கள். ஸ்பெக்ட்ரம் 23552-லிருந்து தன் சொந்தக் குறிப்பேடு ஒன்றை வைத்திருக்கிறது. சிஸ்டம் மாறிகள் என்பார்கள். அதில் 23635, 23636 இரண்டும் பேசிக் புரோகிராம் தொடங்கும் முகவரி. 23627, 23628 மாறிகள் தொடங்கும் முகவரி, அதாவது புரோகிராம் முடிந்த இடம். 23641, 23642-இல் உள்ள முகவரிக்கு முன்னால் மாறிகளும் முடிந்துவிடும்.

எஸ்.என்.ஏ. கோப்பில் இவற்றைக் காண, முகவரியிலிருந்து 16357 கழியுங்கள். (16384 கழித்து, முன்னால் உள்ள 27 கூட்டினால் அதே கணக்கு.) 23635 கோப்பில் 7278-ஆவது இடத்தில் இருக்கும். அங்கே 203, 92 என்று இரண்டு எண்கள் தெரிந்தால் மகிழ்ச்சி. சின்ன பைட் முதலில் வரும், ஆகவே 203 + 92 × 256 = 23755. மற்ற சாதனம் எதுவும் செருகாத ஸ்பெக்ட்ரத்தில் புரோகிராம் தொடங்கும் வழக்கமான முகவரி அது. மைக்ரோடிரைவுக்கான இன்டர்ஃபேஸ் 1 இணைத்து வேலை செய்திருந்தால் குறிப்பேடு 58 பைட் நீண்டு 23813 ஆகியிருக்கலாம். அதனால்தான் 23755-ஐ மனப்பாடம் செய்து நேராக அங்கே போகாமல் எப்போதும் 23635-ஐக் கேட்க வேண்டும்.

இப்போது கோப்பின் 7398-ஆவது இடம். 23755 அங்கேதான். இரண்டே வரி உள்ள புரோகிராம் ஒன்றை நான் தட்டிச் சேமித்துப் பார்த்தபோது அங்கிருந்து வந்தவை இவை:

0 10 6 0 245 34 72 73 34 13
0 20 10 0 236 49 48 14 0 0 10 0 0 13

மேலே உள்ளது 10-ஆம் வரி. முதல் இரண்டு பைட் வரி எண். இங்கே மட்டும் பெரிய பைட் முதலில்! இசட்80 உலகத்தில் எல்லாம் சின்னது முதலில் வரும்போது, வரி எண்ணுக்கு மட்டும் ஏன் இந்த வீம்பு என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த 6, 0 நீளம். அது சின்னது முதலில்தான். 245 என்பது பிரின்ட். ஐந்து எழுத்துச் சொல்லை ஒரே பைட்டில் அடக்கிவிட்டார்கள். 34 மேற்கோள் குறி, 72-உம் 73-உம் ஆங்கில ஹெச், ஐ, மறுபடி மேற்கோள், 13-இல் வரி முடிகிறது. நோட்பேடில் திறந்தவருக்குக் குப்பையாகத் தெரிந்ததன் காரணம் இதுதான். கட்டளைச் சொற்கள் 165 முதல் 255 வரை ஆளுக்கொரு எண்ணாக மாறிவிட்டன. மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துகள் மட்டும் வெளியே தெரிகின்றன.

இரண்டாவது வரியில்தான் சுவாரஸ்யம். 236 என்றால் கோ டூ. 49, 48 என்பவை 1, 0 என்ற எழுத்துகள். நம் கண்ணுக்கான 10. அதன்பின் 14 வந்து, "இனி வரும் ஐந்து பைட் திரைக்கு வராது" என்கிறது. அந்த 0 0 10 0 0-தான் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் 10. ஒரே எண் இரண்டு முறை! ஓடும்போது பேசிக் அந்த ஐந்து பைட்டைத்தான் படிக்கும், எழுத்தைப் படிக்காது. இதை வைத்துக் குறும்பு செய்தவர்கள் உண்டு. எழுத்தில் 0 என்று போட்டுவிட்டு, மறைந்த ஐந்து பைட்டில் உண்மையான முகவரியை வைப்பார்கள். லிஸ்ட் எடுத்துப் பார்ப்பவருக்கு ரேண்டமைஸ் யூஎஸ்ஆர் 0 (அந்த முகவரியில் உள்ள இயந்திர மொழியை ஓட்டு என்ற கட்டளை) என்று தெரியும். அதை நம்பித் தட்டினால் கம்ப்யூட்டர் ரீசெட் ஆகும். நீங்களே ஒரு கருவி எழுதுவதானால் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் சத்தம் போடும்படி எழுதுங்கள்.

இதை எல்லாம் கையால் செய்ய நேரமில்லை என்பவர்களுக்கு: ஃப்யூஸ் எமுலேட்டரோடு வரும் துணைக்கருவிகளில் லிஸ்ட்பேசிக் என்று ஒன்று இருக்கிறது, ஸ்கூல்கிட் தொகுப்பில் ஸ்னாப்இன்ஃபோ இருக்கிறது. இரண்டும் ஸ்னாப்ஷாட்டிலிருந்து பேசிக் வரிகளை எழுத்தாகக் கொடுக்கும். எழுத்தை மறுபடி டேப் கோப்பாக்க இசட்மேக்பேஸ். கருவியைப் பயன்படுத்துவது குற்றமில்லை. ஆனால் அது உளறும்போது உளறுகிறது என்று தெரிய, மேலே சொன்ன 24 பைட்டை ஒருமுறை விரல் வைத்துப் படித்திருக்க வேண்டும்.

கேள்வி: என் கோப்பு .இசட்80 வகை. நீங்கள் போன முறை தொலைபேசியில் சொன்னபடி 203, 92 எங்கே என்று தேடினேன். 7278-இல் இல்லை. கோப்பே 20,000 பைட்டுக்குக் குறைவாக இருக்கிறது. பாதி தொலைந்துவிட்டதா?

பதில்: தொலையவில்லை, மடித்து வைத்திருக்கிறார்கள். கெர்ட்டன் லன்டர் என்பவர் தன் எமுலேட்டருக்காக உருவாக்கிய வகை இது. ஒரே பைட் ஐந்து முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து வந்தால் நான்கு பைட்டில் சுருக்கிவிடும்: 237, 237, எத்தனை முறை, எந்த பைட். 237 237 200 0 என்றால் இருநூறு பூஜ்யங்கள். துடைத்த திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 6144 பூஜ்யமும், நிறத்துக்கு 768 தடவை 56-உம். ஒரு தொகுப்பில் 255-க்கு மேல் எண்ண முடியாது என்பதால் பூஜ்யங்களுக்கு 25 தொகுப்பு, நூறு பைட். நிறங்களுக்கு மூன்று தொகுப்பும் மீதி மூன்று பைட்டும், பதினைந்து. ஆக 6912 பைட் 115-இல் அடங்கிவிட்டது. உங்கள் கோப்பு இளைத்துப் போனதன் ரகசியம் அவ்வளவுதான்.

237 மட்டும் இரண்டு முறை வந்தாலே சுருக்கிவிடும். இல்லாவிட்டால் நிஜமான இரண்டு 237-க்கும் சுருக்கக் குறிக்கும் வித்தியாசம் தெரியாது.

விரிப்பதற்கு முன் 6, 7-ஆவது பைட்டுகளைப் பாருங்கள். அவை பூஜ்யமாக இல்லாவிட்டால் முதல் பதிப்பு: தலைப்பு 30 பைட், அப்புறம் தரவு. 12-ஆவது பைட்டில் 32-க்கான பிட் போட்டிருந்தால் சுருக்கப்பட்டது. அப்படியானால் 0 237 237 0 வந்ததும் முடிவு. இரண்டும் பூஜ்யமாக இருந்தால் புதிய பதிப்பு. 30, 31-இல் கூடுதல் தலைப்பின் நீளம் இருக்கும்: 23, 54 அல்லது 55. அதைத் தாண்டியதும் நினைவகம் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் மூன்று பைட்: இரண்டில் நீளம், ஒன்றில் பக்க எண். 48கே-யில் பக்கம் 8 என்றால் 16384-லிருந்து, 4 என்றால் 32768-லிருந்து, 5 என்றால் 49152-லிருந்து. நீளம் 65535 என்று இருந்தால் அந்தத் துண்டு சுருக்கப்படவில்லை, 16384 பைட் அப்படியே இருக்கிறது. பக்கங்கள் எண் வரிசையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நமக்கு வேண்டிய பேசிக் பெரும்பாலும் 8-இல் தொடங்கும்.

நான் முதன்முதலில் இதற்கு ஒரு விரிப்பான் எழுதியபோது 6, 7-ஐப் பார்க்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் 30 பைட் தலைப்பு என்று அடித்துவிட்டேன். ஒரு மாலை முழுக்க என் விரிப்புக் கணக்கைத் திருப்பித் திருப்பிச் சரிபார்த்தேன். கணக்கு சரியாகவே இருந்தது, தொடங்கிய இடம்தான் தவறு. விரித்ததும் முதல் 6912 பைட்டைத் தனியே வெட்டி .எஸ்.சி.ஆர். என்று பெயர் வைத்து, படம் காட்டும் கருவியில் திறந்து பாருங்கள். ஸ்பெக்ட்ரத்தின் திரை அதுதான். படம் சரியாக வந்தால் விரிப்பும் சரி. பாதிக்குப் பிறகு கலங்கலாக வந்தால், எந்த உயரத்தில் கலங்குகிறதோ அதுவே பிழை எங்கே என்று காட்டும். (திரையின் வரிகள் நினைவகத்தில் மேலிருந்து கீழாக வரிசையாக இருக்காது, மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் எட்டு எட்டாகத் தாவும். அதைக் கணக்கில் வையுங்கள்.)

கேள்வி: எஸ்.என்.ஏ. கோப்புதான், ஆனால் 1,31,103 பைட் இருக்கிறது. வைரஸா?

பதில்: இல்லை, 128கே ஸ்பெக்ட்ரம். முதல் 49,179 பைட் அதே அமைப்பு. மற்ற நினைவகப் பக்கங்கள் பின்னால் வருகின்றன. பேசிக்கைத் தேட மேலே சொன்ன அதே கணக்கு போதும். 1,47,487 என்றாலும் அப்படியே.

கேள்வி: ஒரு ஸ்னாப்ஷாட்டில் 23635 எனக்கு அர்த்தமில்லாத முகவரியைக் காட்டுகிறது. லிஸ்ட்பேசிக்கும் ஒன்றும் தரவில்லை. புரோகிராம் இல்லையென்று விட்டுவிடலாமா?

பதில்: முதலில் நாடி பார்ப்போம். எஸ்.என்.ஏ. தலைப்பில் 0-ஆவது பைட் 63 ஆகவும், 15, 16-ஆவது பைட்டுகள் 58, 92 ஆகவும், 25-ஆவது பைட் 1 ஆகவும் இருக்கின்றனவா? மூன்றும் அப்படி இருந்தால் சேமித்த நேரத்தில் பேசிக்கின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது என்று நம்பலாம். 58, 92 என்பது 23610. ஸ்பெக்ட்ரத்தின் ரோம் ஐஒய் ரிஜிஸ்டரை எப்போதும் அங்கேதான் நிறுத்தி வைக்கும். அவை மாறியிருந்தால் ஏதோ ஓர் இயந்திர மொழிப் புரோகிராம், அனேகமாக விளையாட்டு, இயந்திரத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டது. அது குறிப்பேட்டின் மேலேயே தன் படங்களைக் கொட்டி வைத்திருக்கலாம்.

அப்படிக் குறிப்பேடு போனாலும் பேசிக் வரிகள் ஒன்றிரண்டு பிழைத்திருக்கக் கூடும். அப்போதுதான் கண்ணால் தேட வேண்டும். 13-ஐத் தேடுங்கள். அடுத்த பைட் 39-க்கு மேல் இருக்கக் கூடாது (வரி எண் 9999-ஐத் தாண்டாது). அதற்கடுத்த பைட்டை விட்டு, நீளத்தைப் படித்து, அத்தனை பைட் தாவுங்கள். தாவி நிற்கும் இடத்துக்கு முந்தைய பைட் மறுபடி 13 என்றால் ஒரு வரி அகப்பட்டது. மூன்று வரி தொடர்ந்து இப்படிச் சங்கிலியாக வந்தால் சந்தேகமே வேண்டாம்.

விளையாட்டின் இயந்திர மொழியை எடுக்க வேண்டுமானால் எஸ்.என்.ஏ. வகையில் ஒரு குறை உண்டு. அடுத்து எந்தக் கட்டளையிலிருந்து தொடர வேண்டும் என்பதற்குத் தலைப்பில் இடமே வைக்கவில்லை. அதை ஸ்டாக்கில் (சிப் தற்காலிகமாக எண்களை அடுக்கி வைக்கும் நினைவகப் பகுதி) தள்ளி வைத்துவிட்டார்கள். 23, 24-ஆவது பைட்டில் ஸ்டாக் முகவரி. அங்கே போனால் தொடரும் முகவரி கிடைக்கும். ஆனால் அந்த இடத்தில் முன்பு இருந்த இரண்டு பைட் போனது போனதுதான். பெரும்பாலும் பாதகமில்லை. வேகத்துக்காக ஸ்டாக்கையே படம் நகர்த்தும் வண்டியாக ஓட்டிய விளையாட்டுகள் உண்டு. அந்த நேரம் பார்த்துச் சேமித்திருந்தால் படத்திலோ அட்டவணையிலோ இரண்டு பைட் ஓட்டை விழும். இசட்80 வகையில் இந்தத் தொல்லை இல்லை. உங்களுக்குத் தேர்வு இருந்தால் அதில் சேமியுங்கள்.

கேள்வி: லிஸ்ட் போட்டால் 0 என்ற வரி எண் மட்டும் வருகிறது. வரிக்குள் ஒன்றுமே இல்லை. திருத்தவும் முடியவில்லை.

பதில்: எழுதியவர் வெட்கப்படும் ஆள். வரி எண்ணை 0 ஆக்கினால் எடிட் செய்ய வராது. எழுத்து நிறத்தையும் தாள் நிறத்தையும் ஒன்றாக்கும் கட்டுப்பாட்டு எண்களை (16 எழுத்து நிறம், 17 தாள் நிறம், ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நிற எண்) வரிக்குள் புகுத்தினால் கண்ணுக்குத் தெரியாது. புரோகிராம் 23755-இல் தொடங்குவதாக இருந்தால் போக் 23756, 1 என்று கொடுங்கள், 0 போய் 1-ஆம் வரி ஆகிவிடும். நிறத்தை ஹெக்ஸ் எடிட்டரில் மாற்றலாம். கருவிகளில் எடுத்தால் இந்த மறைப்பு எதுவும் வேலை செய்யாது.

கேள்வி: எடுத்துவிட்டேன், ஓடுகிறது. ஆனால் என் சதுரங்கப் புரோகிராமில் காய்கள் இருந்த இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துகள் வருகின்றன.

பதில்: காய்கள் புரோகிராமுக்குள் இல்லை. நாமே வரைந்துகொள்ளும் 21 எழுத்துகளுக்கு, எழுத்துக்கு 8 பைட் வீதம், 168 பைட்டை நினைவகத்தின் உச்சியில் 65368-லிருந்து ஒதுக்கியிருக்கிறார்கள். புரோகிராமைச் சேமித்தால் அவை கூட வராது. பழைய ஸ்னாப்ஷாட்டைத் திறந்து, சேவ், மேற்கோளில் பெயர், கோட் 65368, 168 என்று கொடுத்துத் தனியாக எடுங்கள். நீங்கள் சதுரங்கக்காரர் என்பதால் உடனே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கமடோர் 64-க்கும் இதே வழிதானா? வைஸ் எமுலேட்டரில் சேமித்த .வி.எஸ்.எஃப். கோப்பு என்னிடம் இருக்கிறது.

பதில்: எண்ணம் அதேதான், ஆனால் வீடு வேறு. வி.எஸ்.எஃப். கோப்பு பல பெட்டிகளை அடுக்கியது போல இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் 16 பைட்டில் பெயர், இரண்டு பைட்டில் பதிப்பு, நான்கு பைட்டில் அளவு. சி64மெம் என்று ஆங்கிலத்தில் எழுதிய பெட்டியைத் தேடிப் பிடியுங்கள். அந்த 22 பைட்டையும் அடுத்த 4 பைட்டையும் தாண்டினால் 65,536 பைட் ராம் முழுதாகக் கிடைக்கும். அதில் 43, 44 பேசிக் தொடக்கம், வழக்கமாக 1, 8, அதாவது 2049. 45, 46 முடிவு. இங்கே வரிக்கு நீளம் கிடையாது. ஒவ்வொரு வரியும் அடுத்த வரியின் முகவரியைக் கையில் பிடித்திருக்கும். நான் மேலே காட்டிய பிரின்ட் வரி கமடோரில் இப்படி: 12 8 10 0 153 32 34 72 73 34 0. முதல் இரண்டும் 2060, அடுத்த வரியின் இருப்பிடம். பிரின்ட் இங்கே 153. எண்களுக்கு மறைந்த ஐந்து பைட் எல்லாம் இல்லை. ஓடும்போது ஒவ்வொரு முறையும் எழுத்தையே படித்துக் கணக்கிடும்.

2049-லிருந்து முடிவு வரை வெட்டி, முன்னால் 1, 8 என்று இரண்டு பைட் ஒட்டினால் .பி.ஆர்.ஜி. என்ற கமடோர் புரோகிராம் கோப்பு தயார். சோம்பேறி வழி: வைஸில் ஸ்னாப்ஷாட்டைத் திறந்து, மானிட்டரில் (திரை அல்ல, வைஸுக்குள் இருக்கும் கட்டளைச் சாளரம்) சேவ் கட்டளைக்கு இரண்டு முகவரியையும் கொடுங்கள், 1, 8-ஐ அதுவே ஒட்டிவிடும். ஸ்னாப்ஷாட்டைப் புதிய வைஸ் பதிப்பு திறக்க மறுத்தால் சேமித்த காலத்துப் பதிப்பைத் தேடுங்கள், அல்லது மேலே சொன்னபடி வெட்டுங்கள். ராம் பெட்டி எப்படியும் உள்ளேதான் இருக்கிறது. இங்கேயும் ரன் அடித்தால் மாறிகள் போகும்.

கேள்வி: (முதல் கடிதம் எழுதியவரே, அச்சுக்குப் போகும் முன் மீண்டும்.) பட்டியல் வந்துவிட்டது! 100 தலைப்புக்கு இடம் இருக்கிறது. நடுவே அழித்த இடங்களும் வெறுமையாக இருப்பதால், அப்பா எந்த எண்ணில் நிறுத்தினார் என்று தெரியவில்லை. டிம் வரி நீங்கள் சொன்ன அதே பி டாலர் (100, 20) தான். என் என்ற மாறியை எண்ணிக்கைக்கு வைத்திருக்கிறார்.

பதில்: குருட்டாம்போக்கில் சொன்ன அளவு அப்படியே பொருந்தியதா! என் என்றால் எளிது. திரையில் பிரின்ட் என் என்று நேரடியாகக் கேட்டாலே சொல்லும். கோப்பில் பார்ப்பதென்றால், மாறிகள் பகுதியில் ஓரெழுத்து எண் மாறி 96 + எழுத்தின் வரிசை எண் என்று தொடங்கும். ஆங்கில என் பதினான்காவது எழுத்து, ஆகவே 110. அதன் பின்னால் ஐந்து பைட். உங்கள் கோப்பில் நான் பார்த்தது 110 0 0 63 0 0. அவர் 63 வரை போயிருக்கிறார்.

அணியின் தலையும் அங்கேயே இருக்கிறது: 194 213 7 2 100 0 20 0. பி டாலர் அணி என்பதற்கு 194, மீதி நீளம் 2005, இரண்டு பரிமாணம், 100, 20. அதற்கு அடுத்த பைட்டிலிருந்து முதல் தலைப்பு. 62 தலைப்புகளைத் தாண்ட 1240 பைட் எண்ணுங்கள், 63-ஆவது வரும். அது சொல்லின் நடுவில் வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்து, கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். டிம்மில் 20 என்று சொன்ன பிறகு 21-ஆவது எழுத்தை ஸ்பெக்ட்ரம் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். முழுப் பெயர் என்ன என்பது அலமாரியைப் பார்த்தால்தான் தெரியும்.